பேஸ்மேக்கருக்கு உடம்பே தைக்கிற பை

எங்க பெரியப்பாவுக்கு 9 வருஷம் முன்னாடி இதயத் துடிப்ப சீரா வெக்கிற பேஸ்மேக்கர் வெச்சாங்க, இப்ப பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு பெட்டிய மாத்துனாங்க, முடிஞ்சதும் டாக்டர் வந்து "பை ரெடியா இருந்துச்சு, பழச உருவிட்டு புதுச சொருகியாச்சு"ன்னாரு. பெரியப்பா ஏதோ துணிப்பை வெச்சுத் தச்சிருக்காங்கன்னே நெனச்சுட்டாரு. அத தச்சது அவரு உடம்புதான்.

கால்ல கருவேல முள்ளு ஏறி ஒடிஞ்சா என்னாகும்? சீழ் புடிச்சு வெளிய வரும், வரலன்னா சுத்தி கட்டியா இறுகி உள்ளயே கெடக்கும். பேஸ்மேக்கருக்கும் ஏறக்குறைய அதே கவனிப்புதான். பெட்டியோட கூடு டைட்டானியம், அத உடம்பு ஏத்துக்கும்னு சொல்றோமே, பொறுத்துக்கும்னு சொன்னாதான் சரி.

பெட்டி உள்ள போன சில நொடியிலயே ரத்தத்துல இருக்கற புரோட்டீன்லாம் அது மேல படிஞ்சிடுது, அதனால செல்லுங்க தொட்டுப் பாக்கறது டைட்டானியத்த இல்ல, இந்தப் படலத்தத்தான். மொதல் ரெண்டு மூணு நாள் நியூட்ரோபில்ங்கற வெள்ளணுக் கூட்டம், அப்புறம் அன்னியப் பொருள முழுங்கற மேக்ரோஃபேஜ் செல்லுங்க. கிருமியா இருந்தா அப்படியே முழுங்கிடும், ஆனா இதுவோ நாலஞ்சு சென்டிமீட்டர் பெட்டி, எங்கேருந்து முழுங்கறது? முடியாம போகவே பல மேக்ரோஃபேஜ் ஒண்ணோட ஒண்ணு கலந்து ராட்சச செல்லாவே மாறிடும், ஒரே செல்லுக்குள்ள டஜன் கணக்குல நியூக்ளியஸ் இருக்கும். அதுவும் தோத்துட்டா தழும்பு திசுவ உண்டாக்கற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லுங்க வந்து கொலாஜன்ங்கற புரோட்டீன் நாராலயே சுத்தி சுவரு எழுப்பிடும், சில வாரத்துல வெள்ளையா வழவழன்னு ஒரு பை ரெடி.

1958ல ஸ்டாக்ஹோம்ல ஆர்னே லார்சன்ங்கற நோயாளிக்குத்தான் மொதல் மொதலா உடம்புக்குள்ள பேஸ்மேக்கர் வெச்சாங்க, அத ஷூ பாலிஷ் டப்பாவ அச்சா வெச்சு எப்பாக்ஸிங்கற பிசின்ல வார்த்தாங்க. அது சில மணி நேரத்துலயே நின்னுபோச்சு, ஆனா மனுஷன் மாத்தி மாத்தி 26 பெட்டி வெச்சுக்கிட்டு 2001 வரைக்கும் இருந்தாரு.

பேஸ்மேக்கருக்கு இந்தப் பை சௌகரியம், ஹெர்னியாவுக்கு, அதான் குடலிறக்கத்துக்கு, வெக்கிற வலைக்கு அப்படியில்ல. அது பாலிப்ரோப்பிலீன், நம்ம வீட்டு பிளாஸ்டிக் சேர் செய்யறதுதான். வலைக்கண்ணு ரொம்பப் பொடிசா இருந்தா ஒவ்வொரு இழைய சுத்தி வர்ற தழும்பும் பக்கத்துத் தழும்போட ஒட்டி மொத்த வலையும் ஒரே தகடா இறுகி சுருங்கிடும், வயித்துல ஏதோ அட்டை வெச்ச மாதிரி இருக்கும். கண்ணு 1 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா நடுவுல சாதாரண சதையே வளந்துக்கும், அதனாலதான் இப்பல்லாம் பெரிய கண்ணு வலைய விரும்பறாங்க.

பையில ஒரு வில்லங்கமும் இருக்கு. கொலாஜன் சுவத்துல ரத்த ஓட்டம் கம்மி, கிருமி உள்ள பூந்து பெட்டி மேல பாசி மாதிரி படிஞ்சிட்டா ஆன்டிபயாடிக் அங்க சரியா போய்ச் சேராது, பெரும்பாலும் பெட்டி, அதுலேருந்து இதயத்துக்குப் போற வயர் எல்லாத்தயும் எடுத்தாகணும். அதான் டிஸ்சார்ஜ் அன்னிக்கு டாக்டர் "தையல் கிட்ட செவந்தாலோ சூடா இருந்தாலோ அன்னிக்கே வாங்க"ன்னு மூணு தடவ சொன்னாரு, பெரியம்மா தெனம் காலையில சட்டைய வெலக்கிப் பாத்துட்டுதான் காப்பியே குடுக்கறாங்க.