எட்டப் போடும் திருநீறு

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று லாரியையும் போர் போடுகிற ரிக் வண்டியையும் நம்பிப் பிழைக்கிற பக்கம் எங்களுடையது. எச்.ஐ.வி. என்றாலே டிரைவர்களைக் கைகாட்டுகிற பழக்கமும் இங்கே உண்டு. ஆனால் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்தில் ஆலோசகரான என் முன்னால் உட்கார்ந்து அழுவது அதிகமும் அவர்களின் மனைவிமார்தான். மருந்துக்குக் குறையில்லை. 2004-லிருந்தே அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, இப்போது பலருக்குத் தினம் ஒரே மாத்திரைதான். "சீருக்குக் கூப்பிடறதில்லைங்க, கோயில்ல பொங்கல் வெக்கறப்பத் தள்ளி நிக்கச் சொல்றாங்க" என்பதுதான் அவர்களை அரிக்கிறது.

பூசாரி, போதகர், பள்ளிவாசல் ஹஜ்ரத் எல்லோரையும் கூப்பிட்டுப் பயிற்சி நடத்துவது இதற்காகத்தான். டாக்டர் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டுப் போகிற ஊர், இவர்கள் சொன்னால் கேட்கும்.

வைரஸ் பற்றிய பாடம் சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் வருகிற கேள்விகள்தான் உண்மையான பயிற்சி. "திருநீறு பூசிவுட்டா ஒட்டிக்குங்களா?" என்றார் ஒரு பூசாரி. தொட்டாலும் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது என்றேன். இப்போது எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டதும், ஒரு சாண் உயரத்திலிருந்து விரலை விரித்துக் காட்டினார். மற்றவர்களுக்கு நெற்றியில் பூசிவிட்டு, ஒருத்திக்கு மட்டும் எட்ட இருந்து போட்டால், அது ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரிதான்.

மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலைக் குளிப்பாட்டுவது பற்றி ஹஜ்ரத் கேட்டார். யாருடைய உடலானாலும் ரத்தம் படக்கூடிய இடத்தில் கையுறை போடுங்கள், இவருக்கென்று தனி முறை வேண்டாம் என்றேன்.

நான் கறாராக இருப்பது ஒரு விஷயத்தில்தான். ஜெபம் செய்யுங்கள், மந்திரியுங்கள், அருள்வாக்கும் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்தினால் வைரஸ் மறுபடி பெருகும், மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். விடாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. இதைச் சொல்லும்போது பலர் நம்பாமல்தான் பார்க்கிறார்கள்.

"பாவம், ஒண்ணுமறியாத பொண்ணு" என்று பிரசங்கத்தில் இரக்கப்படுவதும் எனக்கு உவப்பில்லை. அப்படியென்றால் அவள் புருஷனை ஒதுக்கலாமா? உகாண்டாவின் ஆங்கிலிக்கன் பாதிரியார் கிடியோன் பியாமுகிஷா, தனக்கே எச்.ஐ.வி. இருப்பதை 1992-ல் வெளிப்படையாகச் சொன்னவர் என்று பயிற்சியில் எடுத்துச் சொன்னேன். "அப்புறமும் பூசை பண்ண உட்டாங்களா?" என்று கேட்டார் ஒருவர். பாதிரியாராகவேதான் தொடர்ந்தார்.

கல்யாணப் பேச்சு வரும்போது, "அந்தப் பையனுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று பயிற்சிக்கு வருகிற இவர்களிடம் காதோடு கேட்பவர்கள் உண்டு. தெரிந்தாலும் சொல்லக்கூடாது. அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. பெண், மாப்பிள்ளை இருவரையும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பிவையுங்கள். பரிசோதனை இலவசம், முடிவை அவரவரிடம்தான் சொல்வோம். சந்தேகமிருந்தால் 1097-ஐக் கூப்பிடலாம், அதற்கும் காசில்லை.