டிஎக்ஸிங்: தொலையலை கேட்டல்

பொழுது சாய்ந்தபின் பொள்ளாச்சியில் டிரான்சிஸ்டரைத் திருப்பி, இலங்கைப் புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸில் வரும் குரலைப் பிடித்து, எந்த நிலையம் என்று உறுதிசெய்வதுதான் டிஎக்ஸிங். பகலில் அயனி மண்டலத்தின் (வானில் உயரத்தே உள்ள மின்னூட்டக் காற்றடுக்குகளின்) கீழடுக்கு மத்திய அலையை, அதாவது மீடியம் வேவை, விழுங்கிவிடும். இரவில் அது கலைந்துபோக, மேலடுக்கில் பட்ட அலை வெகுதூரம் தள்ளித் தரையிறங்கும்.

டிஎக்ஸ் என்பது தந்திக்காரர்களின் சுருக்கக் குறி. டி என்றால் டிஸ்டன்ஸ், தொலைவு. எக்ஸ் சுருக்கத்தைக் காட்டுவது; வானிலைக்கு டபிள்யூஎக்ஸ் என்பதும் அப்படியே.

டிஎக்ஸிங்கைத் தமிழில் 'தொலைதூர வானொலி கேட்டல்' என்று எழுதுகிறார்கள். தொலைவும் தூரமும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு? 'தொலையலை கேட்டல்' போதும். கேட்பவர் தொலையலை நேயர். நேயம் என்றால் அன்பு. ஓர் இரைச்சலுக்குள் காதை வைத்து அரைமணி காத்திருப்பவருக்கு அந்தச் சொல் முழுக்கப் பொருந்தும். வானொலி கேட்பவர்களைக் கணக்கெடுக்கும் ரேட்டிங்கோடு இதைக் குழப்ப வேண்டாம், அது வேறு சங்கதி. நிலையத்தின் சொந்த வட்டாரத்தில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்ற தலைக்கணக்கு அது. அதில் தொலையலை நேயர் வரமாட்டார். அதை 'கேட்போர் அளவீடு' என்பதே சரி.

கொங்கு நாட்டில் பெரிய தொல்லை இரைச்சல். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி மோட்டார், எங்கும் எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர். கரண்ட் போன நேரத்தில் பேட்டரியில் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். இடிமழைக் காலத்தில் மின்னல் கரகரக்கும். மார்கழி, தை நல்லது. ரேடியோவுக்குள் ஏரியலாக இருக்கும் ஃபெரைட் தண்டின் முனை ஒரு நிலையத்தை நோக்கினால் அந்த நிலையம் மங்கும். கோவை வானொலியின் 999 கிலோஹெர்ட்ஸ், பக்கத்து அலைவரிசைகளை அமுக்கினால் இப்படித்தான் அதை அடக்க வேண்டும்.

டிஜிட்டல் செட்டில் ஸ்டெப், அதாவது ஒவ்வொரு முறையும் அலைவரிசை தாவும் அளவு, 9 கிலோஹெர்ட்ஸாக இருக்கட்டும். அமெரிக்க முறைப்படி 10 என்றிருந்தால் 999க்குப் பதில் 1000தான் கிடைக்கும், ஒலி கோணலாகும்.

வலு போதாவிட்டால் ஒரு சட்ட ஏரியல் செய்துகொள்ளலாம்: 60 செ.மீ. பக்கமுள்ள மரச்சட்டத்தில் காப்பிட்ட கம்பியை 5 மி.மீ. இடைவெளியில் 13 சுற்று சுற்றி, இரு முனைகளையும் 365 பிக்கோஃபாரட் கேங் கன்டென்சரில் (திருப்பி அலைவரிசைக்கு இசைக்கும் மின்தேக்கியில்) பற்றவைக்கவும். ரேடியோவோடு கம்பி இணைப்பே வேண்டாம். தண்டு சட்டத்தின் தளத்துக்குக் குறுக்காக, அதாவது சட்டத்தைத் துளைத்துச் செல்வதுபோல் இருக்கும்படி ரேடியோவை அருகில் வைத்து, கேங்கைத் திருப்ப, ஓரிடத்தில் ஒலி சட்டென்று எழும். 531 கிலோஹெர்ட்ஸ் பக்கம் எட்டாவிட்டால் இன்னொரு சுற்று சேர்க்கவும்.

நிலையத்துக்கு எழுதும்போது இந்திய நேரத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து உலக நேரம் குறிக்கவும். தேதியும் அலைவரிசையும் மட்டும் எழுதினால் நீங்கள் கேட்டதை உறுதிசெய்து நிலையம் அனுப்பும் கியூஎஸ்எல் அட்டை வராது; ஒலித்த பாட்டு, பேசிய பொருள், அறிவிப்பு என்று அரைமணி நிகழ்ச்சியின் விவரம் வேண்டும்.