நின்ற உதிரம் மீண்டும் பட்டால்

மாதவிடாய் நிற்கும் காலத் தொந்தரவுகளுக்காக ஹார்மோன் மாற்று சிகிச்சையில் இருக்கும் பெண்ணுக்குத் திடீரென உதிரம் பட்டால், எவ்வளவு பட்டது என்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மருந்தை எந்த முறையில் எடுக்கிறார்? ஒரு முறையில் இயல்பாக வரும் உதிரம் இன்னொரு முறையில் வரவே கூடாதது.

உடல் சூட்டையும் இரவு வியர்வையையும் தணிப்பது ஈஸ்ட்ரோஜன். அதுவே கருப்பையின் உட்சவ்வையும் வளர்க்கும். கட்டுப்பாடின்றி வளர்ந்த சவ்வு சிலருக்குப் புற்றாகவும் மாறலாம். தனி ஈஸ்ட்ரோஜனின் இந்த ஆபத்தை 1975இல் வெளியான ஆய்வுகள் காட்டின. கருப்பை இருப்பவர்களுக்கு, சவ்வின் வளர்ச்சியை அடக்கும் புரோஜெஸ்டிரோனும் சேர்த்துத் தரப்படுவது இதனால்தான்.

சுழற்சி முறையில் ஈஸ்ட்ரோஜன் தினமும், புரோஜெஸ்டிரோன் மாதத்தில் 12 முதல் 14 நாளும் (வழக்கமாக இரவில் 200 மி.கி.) எடுக்க வேண்டும். அந்த நாட்கள் முடியும் தறுவாயிலோ முடிந்தவுடனோ சவ்வு உரிந்து உதிரம் போகும். இது எதிர்பார்த்ததுதான். இடையில் வேறு நாட்களில் பட்டால் கவனிக்க வேண்டும்.

தொடர் முறையில் இரண்டும் தினமும். புரோஜெஸ்டிரோன் பெரும்பாலும் 100 மி.கி. இங்கே உதிரமே இல்லாமல் போவதுதான் இலக்கு. ஆனால் சவ்வு மெலியும் காலத்தில் அதன் நுண்குழாய்கள் எளிதில் கசியும். ஆகவே முதல் 3 முதல் 6 மாதம் அவ்வப்போது கறை படுவது சகஜம். கடைசி மாதவிடாய்க்குப் பிறகு ஓராண்டு ஆகுமுன்பே இம்முறையைத் தொடங்கியவர்களுக்குத் தொந்தரவு கூடுதல். சினைப்பை இன்னும் தன் பங்குக்கு ஹார்மோன் சுரந்துகொண்டிருக்கும்.

பல நேரம் காரணம் சாதாரணமானது. மாத்திரை விட்டுப்போயிருக்கும், ஒட்டும் பேட்ச் வியர்வையில் கழன்றிருக்கும். ஈஸ்ட்ரோஜன் அளவைக் கூட்டும்போது புரோஜெஸ்டிரோனைக் கூட்டாமல் விட்டதும் காரணமாகலாம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், வலிப்பு மருந்துகளான கார்பமசெபின், ஃபெனிடோயின் ஆகியவை கல்லீரலில் ஹார்மோன் சிதைவதை வேகப்படுத்தும். சீட்டில்லாமல் வாங்கும் புரோஜெஸ்டிரோன் க்ரீம்களை நம்ப வேண்டாம். சவ்வைக் காக்க அவை போதாது. ஹார்மோனுக்கே தொடர்பில்லாமல், பாலிப் (சவ்வில் தொங்கும் சிறு சதை), ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக்கட்டி), கருப்பை வாய்ப் புண், யோனி வறட்சி இவற்றாலும் உதிரம் படும்.

ஆறு மாதம் தாண்டியும் நீடித்தாலோ, பல மாதம் நின்றிருந்து மீண்டும் தொடங்கினாலோ, அதிகமாகவும் நாள்கணக்கிலும் போனாலோ பரிசோதனை தேவை. அதிக உடல் பருமன், டமாக்சிஃபென் (மார்பகப் புற்று மருந்து) பயன்பாடு, லிஞ்ச் சிண்ட்ரோம் (புற்று அபாயத்தைக் கூட்டும் மரபுவழிக் கோளாறு) இருப்பவர்கள் அந்த ஆறு மாதமும் காத்திருக்க வேண்டியதில்லை. யோனிவழி ஸ்கேனில் சவ்வின் தடிமனை அளப்பார்கள். பிரிட்டிஷ் மாதவிடாய்நிறுத்தச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி வரம்பு தொடர் முறையில் 4 மி.மீ., சுழற்சி முறையில் 7 மி.மீ. அதற்கு மேல் போனால் பயாப்ஸியோ (சவ்வில் சிறு துண்டெடுத்துச் சோதிப்பது) ஹிஸ்டரோஸ்கோபியோ (கருப்பைக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்வார்கள். ஸ்கேன் மட்டும் போதாது, கருப்பை வாயைக் கண்ணால் பார்ப்பதும் அவசியம். சிலர் இதைத் தவிர்க்கிறார்கள், தவிர்க்கக் கூடாது.

ஆபத்தான காரணம் இல்லையென்று தெரிந்தால் புரோஜெஸ்டிரோனைக் கூட்டலாம், ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கலாம், அல்லது 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல் (புரோஜெஸ்டிரோன் போலச் செயல்படும் ஹார்மோன்) கொண்ட கருப்பைச் சாதனத்தைப் பொருத்தலாம். தூக்கக் கலக்கம், மனச்சோர்வு என்று புரோஜெஸ்டிரோனை மட்டும் நிறுத்திவிட்டு ஈஸ்ட்ரோஜனைத் தொடர்வதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. நிறுத்துவதானால் மருத்துவரிடம் கேட்டு இரண்டையும் சேர்த்தே நிறுத்த வேண்டும்.