டேர்போ சார்ஜர்: மின்னேற்றி அன்று, வளியேற்றி

மீன்பெட்டியும் ஐஸும் நிறைய ஏற்றிக்கொண்டு திருகோணமலையிலிருந்து ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கண்டிக்கு ஏறும் பழைய டீசல் கெப் வாகனங்களுக்கு, எஞ்சினுக்குள் கூடுதல் வளியை அமுக்கித் தள்ளும் டேர்போ சார்ஜரைப் பூட்டிக்கொள்ள விரும்புவோர் நம் ஊரில் பலர். அவர்களுக்கென விற்கப்படும் உதிரிப்பாகப் பெட்டிகளிலும், தமிழில் வரும் விளம்பரத் துண்டுகளிலும் டேர்போவுக்குச் 'சுழல் மின்னேற்றி' என்றொரு பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. இந்தப் பெயர் பிழையானது. அதைப் படிப்பவரைத் தவறான இடத்துக்கு இட்டுச் செல்வதும் கூட.

'டேர்போ' என்பது பம்பரத்தையும் சுழல்காற்றையும் குறித்த இலத்தீன் சொல். அதன் அடியாகவே 1822 இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் குளோட் பூர்டின் பாயும் நீராலோ வாயுவாலோ சுழலும் சில்லுப் பொறிக்கு 'டேர்பைன்' என்ற பெயரை ஆக்கினார். 'சார்ஜ்' என்பதோ வண்டியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வண்டியில் சுமை ஏற்றுதல் என்பதே அதன் முதற்பொருள். துப்பாக்கியில் மருந்து இடுவதற்கும் அச்சொல்லே வழங்கியது. மின்சாரத்தோடு அது சேர்ந்தது 18 ஆம் நூற்றாண்டில்தான்.

எஞ்சின் துறையில் 'சார்ஜ்' எனப்படுவது சிலிண்டர் எனப்படும் உருளைக்குள் ஒவ்வொரு முறையும் புகும் புதிய வளி, அல்லது வளியும் எரிபொருளும் சேர்ந்த கலவை. டேர்போ இல்லாத 2,779 கனசென்றிமீற்றர் டொயோட்டா 3எல் எஞ்சினை எடுத்துக்கொண்டால், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் இரண்டு சுற்றுக்கு ஏறத்தாழ அந்தக் கொள்ளளவு வளியையே அதனால் இழுக்க முடியும். நுவரெலியாவின் 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் வளியின் அடர்த்தியே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், அங்கே அதுவும் போதாமற் போகிறது. டேர்போ பூட்டினால், உருளைகளிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சில்லைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சில்லு வெளிவளியை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் அது சுழலும். வளி கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம், இழுவை கூடும். இவ்வளவு வேலையிலும் பற்றரிக்குப் பங்கே இல்லை.

இப்பெயரால் விளையும் குழப்பத்தை ஒரு கராஜில் நேரிலேயே கண்டேன். பொருத்துவதற்காகப் பாகத்தை வாங்கி வந்த இளைஞர் ஒருவர், "பாஸ், மின்னேற்றி எண்டு போட்டிருக்கு, பற்றரியில இருந்து வயர் எங்க குடுக்கிறது?" என்று கேட்டார். அந்தப் பாகத்துக்கு உண்மையில் வேண்டியிருந்தது வயர் அன்று, ஒயில் குழாய். எஞ்சினின் ஒயில் சரியாக வந்து போகாவிட்டால் அந்தத் தண்டு விரைவில் தேய்ந்து கெட்டுவிடும்.

'சார்ஜருக்கு மின்னேற்றி என்பது மக்களிடம் நிலைத்துவிட்ட சொல், அதை ஏன் மாற்றவேண்டும்?' என்று வாதிடுவோர் உண்டு. கைத்தொலைபேசிக்கு அது மிகப் பொருத்தமான சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அங்கே ஏற்றப்படுவது மின், இங்கே ஏற்றப்படுவது வளி; தமிழ் அந்தப் பொருளின் பெயரையே முன்னால் வைத்துச் சொல்லை ஆக்குகிறது என்பதால், முன்பகுதியை மாற்றாமல் கடன் வாங்குவது சொல்லின் உயிரையே மாற்றிவிடும். மின்னோடியின் துணையுடன் சுழலும் வளியேற்றிகள் இன்று சில வாகனங்களில் வந்துவிட்டனவே என்றும் சிலர் கூறக்கூடும். அவை இருப்பதனாலேயே சாதாரண டேர்போவுக்கு மின் என்ற அடையைக் கொடுக்கலாகாது. கொடுத்துவிட்டால், உண்மையிலேயே மின்னால் இயங்கும் வகைக்கு எந்தப் பெயரைச் சூட்டுவது?

பொருளைப் பாராமல் அகராதியின் முதல் வரியையோ கணினியின் முதல் விடையையோ எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பு முறையே இதற்குக் காரணம். அதே விளம்பரத் துண்டில் மெனிபோல்ட் என்னும் கிளைக்குழாய் 'பன்மடங்கு' ஆகியிருக்கிறது. 'வெளியேற்றப் பன்மடங்கை இறுக்கவும்' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்கும் ஒரு நட்டைக் கூடத் திருக முடியாது. மெனிபோல்ட் என்றே தமிழெழுத்தில் எழுதியிருந்தால் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். தமிழாக்காமல் விடுவதைவிடப் பிழையாகத் தமிழாக்குவது கூடுதல் தீங்கு என்றே நான் கருதுகிறேன்.

நான் முன்வைக்கும் சொல் 'சுழலி வளியேற்றி'. டேர்பைனுக்குச் சுழலி, விசையாழி என இரு வழக்குகள் உள்ளன. சுருக்கம் கருதிச் சுழலியைக் கொள்கிறேன். 'காற்றூட்டி' என்றும் சொல்லலாமே எனில், நம் பாடநூல்களில் வளி என்பதே நிலைபெற்ற சொல். சங்க காலத்திலேயே கப்பலோட்டியவனை 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்று புறநானூறு பாடியிருக்கிறது. வளியைப் பணிகொண்டவன் என்பது அதன் பொருள். ஊட்டுதல் என்பதில் அழுத்தம் புலப்படாது. ஏற்றுதலில் சுமையும் புலப்படும், அழுத்தம் ஏறுவதும் புலப்படும்.

இச்சொல்லுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி 1905 இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பு, ஆங்கிலத்தில் முதலில் 'டேர்போ சூப்பர்சார்ஜர்' என்றே வழங்கியது. எஞ்சினின் சுழற்சியிலிருந்து பட்டியாலோ பற்சில்லாலோ நேரே ஓட்டப்படும் சூப்பர்சார்ஜரை 'பொறி வளியேற்றி' என்றால், இரண்டும் ஒரே இனம் என்பதும், எதனால் ஓடுகின்றன என்பதிலேதான் வேறுபடுகின்றன என்பதும் பெயரிலேயே தெரியும். கராஜில் பேசும்போது டேர்போ என்றே சொல்வோம், அதில் தடையில்லை. எழுத்தில் 'சுழலி வளியேற்றிக்கு ஒயில் குழாயைப் பொருத்திய பின்னரே எஞ்சினை இயக்கவும்' என்று அச்சிட்டுக் கொடுத்தால் போதும்.