கோச்சி: சொல்லும் அதன் ஊரும்

கோச்சி என்றால் ரயில். யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சில் ஒரு காலத்தில் வேறு சொல்லுக்கு வேலையே இருக்கவில்லை. கோச்சி கூவுது, கோச்சி பிடிக்கப் போறன், கோச்சி விட்டிட்டுது என்று எல்லாவற்றுக்கும் அதுதான். ரயில் ஓடும் பாதை கோச்சிப்பாதை. நிலையம் மட்டும் ஸ்ரேசன். இன்று வயது போனவர்களின் வாயில்தான் இந்தச் சொல் இயல்பாக வருகிறது. இளையவர்கள் ‘றெயின்’ என்கிறார்கள். அறிவிப்புப் பலகையில் ‘புகையிரதம்’ நிற்கிறது. செய்திகளில் ‘ரயில்’, ‘தொடருந்து’ என்று இரண்டும் மாறி மாறி வருகின்றன. கோச்சி கொச்சைப் பேச்சு, எழுத்தில் வரக்கூடாது என்று நினைத்து ஒதுக்குபவர்களும் உண்டு. எனக்கு அந்த நினைப்பில் உடன்பாடு இல்லை. சொல்லின் கதையைப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

ஆங்கிலத்தில் ‘கோச்’ என்பது முதலில் குதிரை பூட்டிய மூடுவண்டி. 16ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. அதற்கும் பின்னே போனால் ஹங்கேரி நாட்டில் வந்து நிற்போம். வியன்னாவிலிருந்து புடா நகருக்குப் போகும் பெருவீதியில் கொச் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர் வண்டித் தச்சர்கள் 15ஆம் நூற்றாண்டில் செய்த பாரம் குறைந்த, விரைவான வண்டி ஐரோப்பா முழுக்கப் பெயர் எடுத்தது. ஹங்கேரிய மொழியில் ஊர்ப்பெயரோடு ஓர் இகரம் சேர்ந்தால் ‘அந்த ஊரைச் சேர்ந்தது’ என்று பொருள். அப்படி ‘கொச்சி வண்டி’ என்று சொல்லி, பிறகு வண்டியை விட்டுவிட்டு ‘கொச்சி’ என்று மட்டும் சொல்லத் தொடங்கினார்கள். இன்றும் அங்கே காரும் கொச்சிதான், ரயில் பெட்டியும் கொச்சிதான்.

ஊர்ப்பெயர் ஒரு பொருளின் பெயராவது எங்களுக்குப் புதிதா என்ன? கறுத்தக்கொழும்பான் என்று கேட்டு மாம்பழம் வாங்குகிறோமே. கொழும்பு பழமாகியது போல கொச் வண்டியாகியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இகரம். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நடக்கும்போது அது கழன்று விழுந்துவிட்டது. ஆங்கிலத்தில் மிஞ்சியது மெய்யில் முடியும் ‘கோச்’. தமிழ் நாக்கு அப்படி ஒரு வல்லின முடிவை விரும்பாது, ஓர் உயிரைச் சேர்க்கும். தமிழ்நாட்டில் உகரம் சேர்த்து ‘கோச்சு வண்டி’ என்றார்கள், ஓட்டுபவர் கோச்சுவான். யாழ்ப்பாணத்தில் இகரம் சேர்ந்து ‘கோச்சி’ ஆனது. சிங்களத்திலும் ‘கோச்சிய’ என்றே சொல்கிறார்கள். ஒல்லாந்தரிடமிருந்து வந்த ‘லாச்சி’யும் (இழுப்பறை) மேசைக்குள் இப்படித்தான் ‘ச்சி’ என்று முடிந்து கிடக்கிறது. ஆக, ஹங்கேரியில் புறப்பட்ட சொல் வழியில் தொலைத்த இகரத்தை, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல், எங்கள் ஊரில் திரும்பப் பெற்றுவிட்டது. அவர்கள் குறிலில் சொல்வதை நாங்கள் நெடிலில் சொல்கிறோம், அவ்வளவுதான்.

(கொச்சிக்காயோடு இதைக் குழப்ப வேண்டாம். அது மிளகாய். அதன் ஊர் கேரளத்துக் கொச்சி.)

குதிரை வண்டியின் பெயர் ரயிலுக்கு வந்ததற்கு முன்கதை உண்டு. இலங்கையில் ரயிலுக்கு முன்னே கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் 1832 முதல் குதிரை பூட்டிய தபால் கோச் ஓடியது. தபாலும் ஆட்களும் நேரம் தவறாமல் ஒன்றாகப் போகும் வண்டி என்றால் அதுதான். பிறகு 1864இல் முதல் ரயில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியபோது, அதன் பெட்டிகளுக்கும் ஆங்கிலத்தில் அதே ‘கோச்’ என்ற பெயர்தான். ஆங்கிலத்தில் ஒரு பெட்டிக்கு உரிய சொல்லை எங்கள் ஆட்கள் முழு ரயிலுக்கும் தூக்கிக் கொடுத்தார்கள். தலைக்கு ஒரு பழம் என்றால் ஆளுக்கு ஒரு பழம் என்று விளங்கிக்கொள்கிறோம் அல்லவா, அந்தச் சினையாகுபெயர் இதுவும். தனிப் பெட்டிக்கு ‘பெட்டி’ என்ற நல்ல தமிழ்ச்சொல் ஏற்கெனவே கையில் இருந்ததால் குழப்பமும் வரவில்லை.

யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி வந்த விதம் சற்று விசித்திரமானது. 1902 மார்ச்சில் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை பாதை திறந்தார்கள். அந்த ஆண்டிலேயே அது பளை வரை நீண்டது. ஆனால் தெற்கிலிருந்து வந்த பாதையோடு அது தொடுக்கப்படவில்லை. கொழும்பிலிருந்து வடக்கே முழுப்பாதையும் திறந்தது 1905 ஆகஸ்ட் 1ஆம் திகதி. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும் யாழ்ப்பாணத்துக்கென்று தனியாக, கொழும்பைத் தொடாத ஒரு கோச்சி ஓடியது. கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று எல்லாமே எங்கள் ஊர்கள். இந்தச் சொல் குடாநாட்டில் இவ்வளவு ஆழமாக ஊன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். எங்கோ தூரத்துக்குப் போக மட்டும் அல்லாமல், தோட்டத்துக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் இடையில் ஊருக்குள்ளேயே ஓடிய பொருளாக அது இருந்தது.

அந்தக் காலத்துக் கோச்சி முழுக்க நீராவிதான். அதற்கு எங்கள் பேச்சில் உள்ள சொல் கரிக்கோச்சி. கரி என்பது நிலக்கரி. இலங்கையில் அது கிடையாது, இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. எஞ்சினில் ஓட்டுநரோடு நெருப்புக்காரர் ஒருவர் நிற்பார். சவளால் கரியை அள்ளி அடுப்புக்குள் எறிவது அவருடைய வேலை. அள்ளிக் கொட்டினால் போதாது, எரிந்து மெலிந்த இடம் பார்த்துப் பரவலாக எறிய வேண்டும். அடுப்பின் சூடான காற்று கொதிகலனுக்குள் ஓடும் குழாய்களின் வழியே போய், சுற்றியுள்ள தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அந்த ஆவி உருளைகளுக்குள் புகுந்து தண்டைத் தள்ள, தண்டு சில்லைச் சுழற்றும். வேலை முடிந்த ஆவியை வீணாக வெளியே விடாமல் புகைபோக்கி வழியாக மேலே ஊதிவிடுவார்கள். அது போகும் வேகத்தில் அடுப்புக்குள் காற்றை இழுத்து நெருப்பை இன்னும் மூட்டும். வண்டி எவ்வளவு பாடுபடுகிறதோ நெருப்பும் அவ்வளவுக்கு எரியும். பிள்ளைகள் சொல்லும் ‘சுக்குப்புக்கு’ இந்த ஊதல்தான். இரண்டு உருளை கொண்ட எஞ்சினில் பெரிய சில்லு ஒருமுறை சுற்றி வருவதற்குள் நான்கு தடவை ஊதும். புறப்படும்போது எண்ணலாம், வேகம் பிடித்ததும் நான்கும் ஒரே இரைச்சலாகிவிடும்.

கரியை விடத் தண்ணீர் அதிகம் குடிக்கும் பொருள் அது. யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரிலும் அது கரைந்திருக்கும். எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தவர்களுக்கு, அதே தண்ணீர் ஒரு கொதிகலனுக்குள் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. படிவு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, இரும்பு கெட்டுவிடும். நீராவி எஞ்சின் வைத்திருக்கும் எந்த நாட்டிலும் கொதிகலனைக் கழுவுவது ஓயாத வேலை.

பயணம் செய்தவர்களுக்குக் கரிக்கோச்சி என்றதும் முதலில் நினைவு வருவது கரித்தூள். “வெள்ளை வேட்டியோடை ஏறினா, கொழும்பிலை என்ன நிறத்திலை இறங்குவாய் எண்டு சொல்லேலாது” என்று அம்மம்மா சொல்வார். யன்னலோரம் இருந்தால் கண்ணில் தூள் விழும், ஆனாலும் யன்னலோரத்துக்குத்தான் சண்டை. கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள் வெள்ளி இரவு மெயிலில் ஏறி, சனி காலை ஊரில் இறங்கி, ஞாயிறு இரவு திரும்பிப் போன காலம் அது.

பிறகு டீசல் வந்தது. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த எஞ்சின்கள் இறங்கின. 1956 ஏப்ரல் 23ஆம் திகதி யாழ்தேவி என்ற கடுகதி ரயில் ஓடத் தொடங்கியது. நீராவி மெல்ல மெல்ல ஒதுங்கியது. ‘கரி’ என்ற அடைமொழிக்கு அதற்குப் பிறகுதான் வேலை கூடியது, பழையதைப் புதியதிலிருந்து பிரித்துச் சொல்ல. சிங்களக் கிராமங்களில் நீராவி எஞ்சினை ‘யகட யகா’ என்பார்கள், இரும்புப் பேய் என்று பொருள். எங்களுடைய கரிக்கோச்சியில் பயம் இல்லை, ஊத்தை மட்டும் இருக்கிறது.

சரி, புகையிரதம்? புகை, இரதம் இரண்டும் சேர்ந்தது. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் வடமொழி ரதம் இகரம் பெற்று இரதமாகி, நடுவில் யகர உடம்படுமெய்யும் சேர்ந்து இலக்கணப்படி ஒழுங்காகவே அமைந்த சொல். சிங்களத்தில் ‘தும்ரிய’ என்கிறார்கள். ‘தும்’ புகை, ‘ரிய’ ரதத்தின் சிங்கள வடிவம். இரண்டும் ஒரே அச்சில் வார்த்த அரச மொழிச் சொற்கள். தமிழ்நாட்டின் ‘புகைவண்டி’ அதே எண்ணத்தை எளிய தமிழில் சொன்னது. மூன்றுக்கும் ஒரே குறை, புகை போய்விட்டது. டீசலிலும் கொஞ்சம் கறுப்பாக வரும்தான், ஆனால் பெயர் வைக்கும் அளவுக்கு இல்லை. நீராவிக் காலத்தில்கூட அது அரை உண்மை. புகைபோக்கிக்கு மேலே வெள்ளையாகத் திரண்டு நின்றதில் பெரும்பங்கு ஆவி.

தொடருந்து பின்னே வந்த ஆக்கம். பேருந்து, சிற்றுந்து, மகிழுந்து வரிசையில் வருவது. தொடர்ந்து கோத்த பெட்டிகள் என்ற கருத்து இதில் இருக்கிறது. எரிபொருள் எதுவானாலும் பொருந்தும், நாளை மின்சாரத்தில் ஓடினாலும் பெயரை மாற்ற வேண்டியதில்லை. நல்ல தமிழில் ஒரு பொதுச்சொல் வேண்டுமென்றால் என் தெரிவு இதுதான். ஒரு சிறு சிக்கல் உண்டு. பெட்டி கோக்காமல் தனியே போகும் எஞ்சினைத் தொடருந்து என்று சொல்ல முடியாது. அதை எஞ்சின் என்றோ, நீராவியானால் நீராவி இயந்திரம் என்றோ எழுதினால் போதும். ‘கடவை’யும் நல்ல சொல். பாதையை வீதி கடக்கும் இடத்துக்கு இதைவிடச் சுருக்கமாக ஒன்று கிடைக்காது.

கோச்சியை ஏன் விடக்கூடாது என்பதற்கு வருகிறேன். போரால் 1990 ஜூனோடு யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றுபோனது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குள் போயின. இடம்பெயர்ந்த குடும்பங்கள் பாழடைந்த ஸ்ரேசன்களிலும் பாதையோரக் காணிகளிலும் குடியிருந்தன. 2014 அக்டோபர் 13ஆம் திகதிதான் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ரயில் வந்தது, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை. இடையில் 24 ஆண்டுகள். ரயிலைக் கண்ணால் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்து பெரியவர்களாகிவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளைகளும் முன்னால் நிற்பவரின் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, வளவைச் சுற்றிக் கோச்சி ஓடினார்கள். தண்டவாளம் பிடுங்கப்பட்ட மேட்டில் சைக்கிள் ஓடியவர்களுக்கும் அது கோச்சிப்பாதைதான். அரசாணையில் வந்த சொல்லோ அகராதியில் இருந்த சொல்லோ அந்த 24 ஆண்டுகளைத் தாண்ட உதவவில்லை.

கதிரை, அலுமாரி, யன்னல், வாங்கு எல்லாம் போர்த்துக்கேயரோடு வந்தவை. அவற்றை யாரும் கொச்சை என்று தள்ளுவதில்லை. கோச்சிக்கும் அந்த இடத்தைக் கொடுக்கலாம்.

ஊர் வரலாறு எழுதுபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய ஸ்ரேசன்களைப் பற்றி முதியவர்களிடம் கேட்டு எழுதும்போது, அவர்கள் வாயில் வந்த கோச்சியைப் புகையிரதம் என்று திருத்திவிடாதீர்கள். உங்களுடைய வாக்கியத்தில் தொடருந்து என்றோ ரயில் என்றோ எழுதுங்கள். மேற்கோள் குறிக்குள் அவர்கள் சொன்னதே இருக்கட்டும். கரிக்கோச்சி என்று ஒருவர் சொன்னால் அதில் காலமும் பதிந்திருக்கிறது, ‘ரயில்’ என்று மாற்றினால் அவர் நீராவியைச் சொன்னாரா டீசலைச் சொன்னாரா என்று பிறகு வாசிப்பவருக்குத் தெரியாது. எழுதும்போது ஒற்று மிகும்: கரிக்கோச்சி, கோச்சிப்பாதை, கோச்சிப்பெட்டி.