ஐந்து வருட கவுன்ட்டர் அனுபவம் மருந்தாளுநர் ஆக்காது

போன வருடம் ஒரு மாலை, பெரம்பூரில் நான் மருந்தாளுநராக வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு ஓர் இளைஞர் வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக ஒரு சான்றிதழ் வைத்திருந்தார். "அக்கா, இதை வச்சு ஃபார்மசி கவுன்சில்ல மருந்தாளுநரா பதிவு பண்ண முடியுமா?" ஓராண்டுப் படிப்பு, 'ஃபார்மசி அசிஸ்டென்ட்' என்று அச்சடித்திருந்தது. முடித்ததும் சொந்தமாக மெடிக்கல் ஷாப் வைக்கலாம் என்று சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். அம்மாவின் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டியவர். "முடியாதுப்பா" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அஞ்சு வருஷமா கடையில நிக்கிறேனே அக்கா, அதுவும் கணக்கு இல்லையா?" என்று கேட்டார். அதுவும் கணக்கு இல்லை.

பிளஸ் டூ முடிவு வரும் நாட்களில் பெற்றோர்கள் மாத்திரை வாங்கிக்கொண்டே, மருந்தாளுநர் ஆக என்ன படிக்க வேண்டும் என்று என்னிடம் விசாரிப்பார்கள். அவசரத்தில் பாதிதான் சொல்ல முடியும். முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

1948-ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டப்படி, மாநில மருந்தாளுநர் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுக்கலாம். இன்று அந்தப் பதிவேட்டில் ஏற, குறைந்தபட்சம் இந்திய ஃபார்மசி கவுன்சில் அங்கீகரித்த டி.ஃபார்ம் என்ற டிப்ளமோ படிப்பு வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். அவற்றோடு உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். உயிரியல் எடுக்காததால் வழியில்லை என்று நினைத்து ஒதுங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை.

டி.ஃபார்ம் இரண்டு ஆண்டு. அதன்பின் குறைந்தது மூன்று மாதங்களில் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி. படிப்பு முடித்தபின், பதிவுக்கு முன் எழுதும் வெளியேறும் தேர்வுக்கான (எக்ஸிட் எக்ஸாம்) விதிமுறையும் 2022-ல் வந்திருக்கிறது. பதிவுக்குப் போகும் ஆண்டில் என்னென்ன கேட்கிறார்கள் என்று தமிழ்நாடு ஃபார்மசி கவுன்சிலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பி.ஃபார்ம் என்ற பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. டி.ஃபார்ம் முடித்தவர்கள் நேராக அதன் இரண்டாம் ஆண்டில் சேரலாம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்: முதலில் டிப்ளமோ, கையில் ஒரு வேலை, பிறகு பட்டம். பி.ஃபார்ம் இருந்தால் ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கும், மருந்து ஆய்வாளர் தேர்வுக்கும் போகலாம். ஃபார்ம்.டி (டாக்டர் ஆஃப் ஃபார்மசி) ஆறு ஆண்டு. கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. நோயாளியின் படுக்கையருகே நின்று மருந்துகளைச் சரிபார்க்கும் படிப்பு அது. அதைப் படித்தாலும் சீட்டு எழுத முடியாது என்பதை முன்பே தெரிந்துகொண்டு சேருங்கள்.

அட்டையைப் பார்த்து எடுத்துக் கொடுக்க இத்தனை வருடப் படிப்பு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அது வேறொரு கடை. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதிய சீட்டோடு ஒரு பாட்டி வந்தார். உதவியாளர் மாத்திரையைச் சரியாகத்தான் எடுத்தார். கவரில் மட்டும் பழக்கதோஷத்தில் 'தினம் 1, இரவு' என்று எழுதிவிட்டார். மூட்டுவாதத்துக்கு அந்த மருந்தை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி குறையும், உயிரே போகலாம். பாட்டி படி இறங்குவதற்குள் கூப்பிட்டு நிறுத்தினேன். "பாட்டி, இது ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. மத்த நாள் தொடவே கூடாது" என்று சொல்லி, கவரிலும் கிழமையை எழுதிக் கொடுத்தேன். அந்த உதவியாளருக்கு மருந்துப் பெயர்கள் என்னைவிட அதிகம் தெரியும். அந்த மருந்து ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கிறது, அதனால்தான் கூடவே ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. மருந்தியலும் உயிர்வேதியியலும் டி.ஃபார்ம் இரண்டாம் ஆண்டில் அதைத்தான் சொல்லிக் கொடுக்கின்றன.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இந்திய ஃபார்மசி கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரியும், நீங்கள் சேரும் அதே படிப்பும், அதே கல்வியாண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே வளாகத்தில் பி.ஃபார்முக்கு அங்கீகாரம் இருந்து டி.ஃபார்முக்கு இல்லாமலும் போகலாம். அஞ்சல் வழியில் டி.ஃபார்ம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் பி.ஃபார்முக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கலந்தாய்வு. சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே ஃபார்மசி படிப்புகள் இருக்கின்றன என்பது சென்ட்ரல் வழியாகத் தினமும் போய்வருகிற பலருக்குத் தெரியாது. முதலில் அங்கே முயலுங்கள்.

படித்து முடித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "நீங்க வர வேண்டாம், சர்டிஃபிகேட்டை மட்டும் கொடுங்க, மாசாமாசம் பணம் வந்துடும்" என்று மருந்தாளுநர் இல்லாமல் கடை நடத்துகிறவர்கள் யாராவது வந்து கேட்பார்கள். என்னிடமும் கேட்டு வந்திருக்கிறார்கள். வேலை கிடைக்காத நாட்களில் அந்தப் பணம் பெரிதாகத்தான் தெரியும். கொடுக்காதீர்கள். சுவரில் உங்கள் பெயர் தொங்க, நீங்கள் இல்லாத கவுன்ட்டரில் ஒரு பாட்டி கவரை வாங்கிக்கொண்டு படி இறங்குவார்.

அந்த இளைஞர் பிளஸ் டூவில் கணிதப் பிரிவு. பழைய மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்து வரச் சொன்னேன். இப்போது அங்கீகாரம் பெற்ற ஒரு கல்லூரியில் டி.ஃபார்ம் முதலாண்டு படிக்கிறார். சனிக்கிழமை மாலைகளில் பாடப் புத்தகத்தோடு கடைக்கு வருவார். போன வாரம் மெத்தோட்ரெக்சேட் சீட்டு ஒன்று வந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "எந்தக் கிழமை சாப்பிடச் சொன்னாங்க பாட்டி?" என்று அவர் கேட்டார்.