மின்யான் என்றால் பதின்மர்

யூதர்கள் சிலரே வாழும் ஊர்களில் பண்டிகை நெருங்கும்போது ரபியின் (யூத மத ஆசிரியரின்) மனதில் ஒரே கேள்விதான் ஓடும்: மின்யான் சேருமா?

மின்யான் எபிரேயச் சொல். 'எண்ணுதல்' என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. பைபிளின் தானியேல் நூலில் பாபிலோன் அரண்மனைச் சுவரில் ஒரு கை எழுதிய 'மெனே, மெனே' நினைவிருக்கிறதா? அதுவும் இதே வேர்தான். நேர்ப்பொருள் 'எண்ணிக்கை'. ஆனால் வழக்கில், பொது வழிபாட்டுக்குக் கூட வேண்டிய பத்துப் பேரைக் குறிக்கிறது. மரபுப்படி அவர்கள் 13 வயது நிறைந்த ஆண்கள். சீர்திருத்தப் பிரிவினர் பெண்களையும் எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் பிரிவு 1973-இல் அதற்கு வழிவிட்டது.

ஏன் பத்து? யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூத் காட்டும் காரணம் வியப்பானது. மோசே கானான் நாட்டுக்கு அனுப்பிய 12 வேவுகாரர்களில் 10 பேர் கெட்ட செய்தியோடு திரும்பி மக்களை மிரளவைத்தார்கள். அந்தப் பத்துப் பேரை பைபிளின் எண்ணாகமம் 'ஏதா', அதாவது சபை, என்று சொல்கிறது. ஆகவே சபை என்றால் பத்து. தவறு செய்த பத்துப் பேரிடமிருந்து வழிபாட்டின் அளவை எடுத்திருக்கிறார்கள். இங்கே யாருடைய தகுதியும் எடைபோடப்படுவதில்லை என்று எனக்குப் படுகிறது. ஒன்பது ரபிகள் சேர்ந்தாலும் மின்யான் ஆகாது, பத்துச் செருப்புத் தைப்பவர்கள் சேர்ந்தால் ஆகும் என்று யூதர்களிடையே ஒரு பழமொழியும் உண்டு.

சொல்லுக்கு 'எண்ணிக்கை' என்று பொருள் இருந்தும், வந்தவர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணமாட்டார்கள். மனிதரை எண்ணுவது ஆகாது என்பது பழைய அச்சம். தாவீது அரசன் குடிக்கணக்கு எடுத்ததும் கொள்ளைநோய் வந்த கதை அவர்களுக்குத் தெரியும். அதனால் எபிரேயத்தில் சரியாகப் பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வசனத்தை (சங்கீதம் 28:9) ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். கடைசிச் சொல்லுக்கு ஆள் இருந்தால் மின்யான் நிறைந்தது. நெல் அளக்கும்போது 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று தொடங்கும் நம் வழக்கம் நினைவுக்கு வருகிறது.

சரி, பத்துப் பேர் சேராவிட்டால் என்ன ஆகும்? வீட்டுக்குள் நடப்பவை எல்லாம் நடக்கும். சப்பாத் எனும் ஓய்வுநாளுக்கு விளக்கை ஏற்றலாம், பஸ்கா பண்டிகையின் இரவு விருந்துக்கு உட்காரலாம், கூடாரப் பண்டிகைக்குக் குடில் போடலாம். ஆனால் தோரா எனும் வேதச் சுருளை முறைப்படி சபையில் வாசிக்க முடியாது. தோரா வாசிப்பை முடித்து மறுபடி தொடங்கும் சிம்ஹாத் தோரா நாளுக்கு இது பெரிய இழப்பு. தாயையோ தந்தையையோ இழந்தவர் 11 மாதம் சொல்லும் கத்தீஷ் வேண்டுதலையும் தனியாகச் சொல்ல முடியாது. ஒருவருடைய துக்கத்துக்கு 'ஆமென்' சொல்ல இன்னும் ஒன்பது பேர் வேண்டும் என்ற இந்த ஏற்பாடு என்னை மிகவும் தொட்டது.

கொச்சியில் இது அன்றாடக் கவலையாகவே ஆனது. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இன்றும் இருக்கிறது. (பரதேசி என்றால் அங்கே பிற தேசத்திலிருந்து வந்தவர் என்றுதான் பொருள்.) கொச்சி யூதர்களுக்கு ரபிகள் இருந்ததில்லை, விவரம் அறிந்த மூத்தவர்களே வழிபாட்டை நடத்தினார்கள். இஸ்ரேல் உருவான பிறகு, 1950-களில், பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் குறையக் குறைய, ஊர் பார்க்க வந்த யூதப் பயணிகளையும் சேர்த்துத்தான் பத்தை எட்ட முடிந்தது.

அதே ஆலயத்துக்கு வேறொரு முகமும் உண்டு. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட யூதர்கள் அங்கே மற்றவர்களோடு சமமாக உட்கார முடியவில்லை. சென்னையில் சட்டம் படித்துத் திரும்பிய ஆபிரகாம் பராக் சேலம், காந்திய வழியில் அதை எதிர்த்து நின்றார். 'யூத காந்தி' என்றே அவரைச் சொல்வார்கள். பத்துப் பேருக்குத் தவிக்கும் நிலை பின்னாளில் அந்த ஆலயத்துக்கே வந்ததை எண்ணும்போது மனம் கனக்கிறது.

இனி தமிழுக்கு வருவோம். மின்யானைத் தமிழில் எப்படிச் சொல்வது? கூட்டம் நடக்கக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்குக்கு, ஆங்கிலத்தில் quorum என்பதற்கு, சட்டமன்ற வழக்கில் 'குறைவெண்' இருக்கிறது. மின்யானுக்கும் அதைப் போடலாமே என்று தோன்றும். எனக்கு உடன்பாடில்லை. குறைவெண் கூட்ட விதி. அந்தந்த மன்றம் தன் விதிப்படி வகுத்துக்கொள்வது. மின்யானோ எங்கே போனாலும் பத்துதான். அப்புறம், குறைவெண் என்பது எண்ணின் பெயர். மின்யான் என்று சொல்லும்போது கண்முன் நிற்பது ஆட்கள். 'சபை' மிகவும் பொதுவான சொல்; ஆயிரம் பேர் கூடினாலும் சபைதான்.

பதின்மர் என்பதே பொருத்தம். ஆட்களை எண்ணத் தமிழில் தனிச் சொற்களே இருக்கின்றன: ஒருவர், இருவர், ஐவர், பதின்மர். குறளுக்கு உரை எழுதிய பழைய உரையாசிரியர்களைப் பதின்மர் என்கிறோம். ஆழ்வார் பதின்மர் என்பதும் உண்டு. எண்ணும் ஆளும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. முதல் முறை வரும் இடத்தில் 'மின்யான் எனும் வழிபாட்டுப் பதின்மர்' என்று எழுதிவிட்டு, பிறகு பதின்மர் என்றே தொடரலாம். 'மின்யான் சேருமா?' என்ற ரபியின் கேள்வி அப்போது 'பதின்மர் கூடுவார்களா?' என்று ஆகும்.